முப்பது பாட்டில் நாரத்தங்காய்

என்னிடம் கொஞ்சம் தற்பெருமை உண்டு. 'கொஞ்சம்' என்று நான் சொன்னால் என் மனைவி சிரிப்பாள். கிணத்துக்கடவுக்கு வெளியே எட்டு சென்ட் இடம். மூன்று சென்ட்டில் வீடு, மீதி ஐந்து சென்ட்டில் என் ராஜ்யம். கீரைக்கும் தக்காளிக்கும் நான் கடைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் வெறும் கையோடு கேட்டைத் தாண்டிப் போனதில்லை. ஒரு கட்டு முருங்கைக் கீரையோ ஒரு பொட்டலம் சுண்டைக்காய் வற்றலோ அவர்கள் கையில் திணிக்காமல் நான் விட்டதே கிடையாது. அது அவர்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. என் கையால் செய்தது ஒருவருக்கு வேண்டாமல் போகும் என்பது என் புத்திக்கே எட்டாத விஷயமாக இருந்தது.

கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்து மூன்று வருஷம் லேத் ஓட்டியவன் நான். இரும்பைக் கடைந்து கடைந்து, மயிரிழை பிசகினாலும் பொறுக்காத சுபாவம் வந்துவிட்டது. ஓய்வு பெற்றதும் அந்தச் சுபாவத்தை மண்ணிடம் காட்டினேன். மண் என்னைச் சட்டை செய்யவில்லை. முதல் வருஷம் டேப் பிடித்து அளந்து நட்ட தக்காளி நாற்றுகளில் பாதி வாடிப்போயின. அப்புறம்தான் மண்ணுக்குப் பணிந்துபோகக் கற்றுக்கொண்டேன். மனிதர்களுக்குப் பணிந்துபோக இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பது வீட்டில் உள்ளவர்களின் கருத்து.

அந்தந்த மாதம் பொடக்காளியில் என்ன நிற்கிறதோ அதுதான் எங்கள் சமையல். பொடக்காளி என்றால் வீட்டின் பின்புறம். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவரை காய்க்கிற காலத்தில் மூன்று வேளையும் அவரைதான். மகள் காலேஜுக்குப் போன நாட்களில், டிபன் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே தோழிகள் "இன்னிக்கும் அவரைக்காயா?" என்பார்களாம். ஊரில் தக்காளி விலை விழுந்து, வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாது என்று கூடை கூடையாக ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற நாட்களில்தான் என் செடிகளும் அடக்கமில்லாமல் காய்க்கும். நான் ஒன்றைக்கூட வீணாக்க மாட்டேன். அரிந்து, உப்பு தடவி, மொட்டைமாடியில் வெயிலில் சருகாகக் காயவைத்து எடுத்துவைத்தால் ஐப்பசி மழையில் ரசத்துக்கு ஆகும். வெயில் நன்றாக அடிக்கும் நாட்களில் என்னைத் தேடி யாராவது வந்தால், "மாடியில காஞ்சுட்டு இருக்கறாருங்க" என்பாள் மனைவி.

இத்தனைக்கும் மேலே என் கிரீடம் நாரத்தைதான். கிணற்றடியில் ஒற்றை மரம். மார்கழி, தையில் கிளை வளையக் காய்க்கும். அதைத் துண்டு துண்டாக நறுக்கி உப்புப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் சுருளாக வெட்டுவேன். கத்தியை உச்சியில் வைத்தால் அடிவரைக்கும் எடுக்காமல், காயைச் சுற்றிச் சுற்றி ஒரே வெட்டு. லேத்தில் நல்ல உளி பிடித்தால் இரும்பு அறுபடாமல் சுருள் சுருளாக வருமே, அதே மாதிரி இருக்கும். அந்தச் சுருளுக்குள் கல்லுப்பை அடைத்து, ஜாடியில் போட்டு, தினமும் ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். தோல் இளகியதும் பகலில் வெயில், பொழுதுசாய்ந்தால் மறுபடி உப்புநீர். ஜாடியில் இருக்கிற நீர் முழுவதையும் காய் குடித்துத் தீர்க்கும்வரை இதே வேலை. மாசி முடியும்போது கருத்துச் சுருங்கி, மேலே உப்புப் பூத்து நிற்கும். அப்புறம் எத்தனை வருஷம் வைத்தாலும் கெடாது.

கெடாமல் இருக்க வேண்டுமானால் மூடி சரியாக இருக்க வேண்டும். தகர மூடியை உப்பு அரித்துவிடும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் மூடிகளோ மரை சரியாக உட்காராமல் வழுக்கும். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் எனக்கு ஒரு யோசனை வந்தது. முப்பது கண்ணாடி பாட்டில்களைச் சேர்த்தேன். பழைய கூட்டாளி ஒருவர் பீளமேட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே மிச்சமாகக் கிடந்த வெள்ளை நைலான் துண்டுகளில், அந்தந்தப் பாட்டிலின் வாய்க்கு ஏற்றபடி முப்பது மூடிகளை நானே கடைந்து மரை போட்டேன். திருகும்போது கடைசிக் கால் சுற்றில் ஒரு பிடிப்பு வரும். அந்தப் பிடிப்பு வந்துவிட்டால் எறும்பு என்ன, காற்றுகூட உள்ளே போகாது. மூடி மாறிப்போகக் கூடாது என்று ஒவ்வொன்றின் மேலும் நம்பர் வெட்டி, அதே நம்பரைப் பாட்டிலிலும் எழுதினேன். அந்த வருஷத்து நாரத்தங்காயை அவற்றில் நிரப்பி, கல்யாணம் முடிந்த வாரத்தில் இரண்டு பக்கத்து உறவுகளுக்கும் கூட்டாளிகளுக்கும் வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். ஒன்றாம் நம்பர் சம்பந்தி வீட்டுக்கு.

சம்பந்தி வீட்டார் கோயமுத்தூரில் வார்ப்படப் பட்டறை வைத்திருக்கிறார்கள். வசதியானவர்கள், ஆனால் ஒரு துளி அலட்டல் கிடையாது. சம்பந்தியம்மா பாட்டிலை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். மூடியை எப்படிக் கடைந்தேன் என்பதை நான் அரைமணி நேரம் விளக்கினேன். அவர் நின்றுகொண்டே கேட்டார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, "அது அப்பவே காலிங்ணா, அத்தன ருசி" என்றார். மற்ற இருபத்தொன்பது வீடுகளிலும் இதே பாராட்டுதான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தலைதீபாவளிக்கு வந்திருந்தபோது சம்பந்தியம்மா எங்களுக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொடுத்தார். நீலப்பூ போட்ட பீங்கான் தட்டுகளும் கிண்ணங்களும் கொண்ட டின்னர் செட். அழகான பொருள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கை நழுவினால் போச்சு. முப்பது வருஷமாக நசுங்கியும் உடையாத எவர்சில்வர் தட்டு இருக்கும்போது அதை யார் எடுப்பார்கள்? ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்காமல் பெட்டியை அட்டாலியில், அதாவது சமையலறைப் பரணில், ஏற்றிவிட்டேன். பொங்கலன்று அவர் போனில் விசாரித்தபோது, "தினமும் அதுலதானுங்க அம்மணி சாப்படறோம்" என்றேன். பக்கத்தில் நின்ற மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். முகத்துக்கு நேராக வேறென்ன சொல்ல முடியும்?

அந்தத் தையில் நாரத்தை மரத்தில் நோய் விழுந்தது. கிளைகளில் பட்டை வெடித்துப் பிசின் வடிந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு மரத்தை என் தோள் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். அடிமரம் பிழைத்துத் துளிர்விட்டது. காய் மட்டும் இல்லை. போகட்டும், ஒரு வருஷம்தானே என்று இருந்தேன்.

ஆவணியில் மகள் வந்தாள். வேலைக்குப் பக்கமாக அவளும் மாப்பிள்ளையும் தனி வீட்டில் இருக்கிறார்கள். இரண்டாவது மாதம் என்று தெரிந்ததும் எங்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அவளுக்கு எதுவுமே வயிற்றில் தங்கவில்லை. இட்லி, கஞ்சி, இளநீர், எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. "உங்கம்மா ஊட்டுல கொஞ்ச நாள் இரு கண்ணு" என்று சம்பந்தியம்மாதான் அனுப்பி வைத்தார். கேட்டில் இறங்கியபோது அவள் கை வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்கின. அதைப் பார்த்ததும் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டிரிப்ஸ் ஏற்றினோம். மாத்திரை கொடுத்த டாக்டரம்மா, "எது வயிற்றில் தங்குகிறதோ அதைக் கொடுங்கள், ஊறுகாயோடு நாலு வாய் தயிர்சாதம் தங்கினாலும் சரி. இன்னும் எடை குறைந்தால் அட்மிட் பண்ணித்தான் ஆகணும்" என்றார். அடுத்த திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

மறுநாள் கட்டிலில் சுருண்டு படுத்தபடி மகள் கேட்டாள். "அப்பா, அந்தச் சுருள் நாரத்தங்காய் ஒரு துணுக்கு இருக்குதுங்களா? அத நாக்குல வெச்சுக்கிட்டா சோறு எறங்குமாட்ட இருக்குதுங்க."

இல்லை. முப்பது பாட்டில் போக ஜாடியின் அடியில் மிஞ்சியதைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டே நானே தின்று தீர்த்திருந்தேன். மகளுக்குக் கொடுத்த பாட்டிலை அவள் கல்யாணமான புதிதிலேயே முடித்துவிட்டாள். ஊருக்கெல்லாம் கொடுத்தவன் வீட்டில், பெற்ற பெண் வாய்விட்டுக் கேட்டபோது ஒரு துணுக்கு இல்லை.

மனைவி பொள்ளாச்சிக்குப் போய் நல்ல கடையாகப் பார்த்து ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். மூடியைத் திறந்ததுமே அந்த மருந்து வாடைக்கு மகள் எழுந்து ஓடினாள். உண்மையைச் சொன்னால், அவள் ஓடியபோது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எழுந்தது. கடைச்சரக்கு நம்முடையதுக்கு ஈடாகுமா என்ற சந்தோஷம். அடுத்த நொடி, உள்ளே அவள் குமட்டுகிற சத்தம் கேட்டு வெட்கிப்போனேன்.

முப்பது பாட்டில் கொடுத்திருக்கிறோமே, யாரிடமாவது கொஞ்சம் மிச்சம் இருக்காதா என்று போனை எடுத்தேன். ஒரு சிக்கல் இருந்தது. மூன்று மாதம் முடிவதற்குள் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எதற்குக் கேட்கிறேன் என்று சொல்ல முடியாது. முதலில் காரமடையில் இருக்கும் என் அக்கா. "அக்கா, போன வருஷம் குடுத்தனே நாரத்தங்காய், எப்படி இருந்துச்சு? இன்னும் கிடக்குதா?"

"இன்னுமா? அது வந்த பத்தாம் நாளே தீந்துபோச்சு! எங்கூட்டு மருமக பாட்டலை வழிச்சு வழிச்சுத் தின்னா."

பீளமேட்டுக் கூட்டாளி, "ஒரு வாரம்கூடத் தாங்கலைங்க" என்றார். ஆனைமலையில் இருக்கிற பெரியப்பா மகன், இந்த வருஷம் இரண்டு பாட்டிலாகக் கொடுக்கச் சொன்னான். பக்கத்து வீடு, எதிர் வீடு, பழைய சூப்பர்வைசர் என்று இரண்டு நாளில் பதினோரு பேரைக் கேட்டேன். சொல்லி வைத்த மாதிரி ஒரே பதில். என் வாழ்நாளில் இத்தனை பாராட்டை ஒரே மூச்சில் கேட்டதில்லை. ஒவ்வொரு பாராட்டோடும் கணக்கிலிருந்து ஒரு பாட்டில் கழிந்தது.

பன்னிரண்டாவது போனுக்கு நான் நம்பர் தேடும்போது மனைவி வெடித்தாள். "ஏனுங்க, உங்களுக்குப் புரியவே புரியாதா? நல்லா இருந்துச்சானு கேட்டா, நம்ம பக்கம் ஆராச்சும் நல்லா இல்லைம்பாங்களா? இன்னும் இருக்குதானு கேட்டா, அத இன்னும் திங்காம வெச்சிருக்கறயானு கேக்கற மாதிரி. இருந்தாலும் தீந்துபோச்சுன்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப முப்பது பேரும் பொய் சொல்றாங்களா?"

"முப்பது பேரும்னு நான் சொல்லலை. இனி ஆரு ஊட்டுல இருந்தாலும் எடுத்து நீட்ட மாட்டாங்கங்கறேன். ஒருக்கா தீந்துபோச்சுன்னு சொன்னவங்க எந்த மொகத்தோட கொண்டாருவாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் பொடக்காளிக்குப் போய்விடுவேன். அன்று களை இல்லாத பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது சரி என்று மண்வெட்டியைக் கீழே போடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. கேட்காமல் மிச்சம் இருந்தவர்களில் முக்கியமானவர் சம்பந்தியம்மா. அவருக்கு மட்டும்தான் விஷயமும் தெரியும், காரணத்தையும் சொல்லலாம். ஆனால் பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய், கொடுத்ததைத் திருப்பித் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது? அதுவும் காலியாகிவிட்டது என்று அவரே சொன்ன பொருளை? என்னால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சம்பந்தியம்மாவே மருமகளைப் பார்க்க வந்தார். மாதுளையும் ஆப்பிளும் பை நிறைய. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார். நான் கதவோரம் நின்றேன். மகள் சட்டென்று கேட்டுவிட்டாள். "அத்தை, அப்பா குடுத்த நாரத்தங்காய் உங்க ஊட்டுல கொஞ்சமாச்சும் இருக்குதுங்களா?"

"அதெல்லாம் எப்பவோ தீந்துபோச்சு கண்ணு. உங்கப்பா கைப்பக்குவம் ஆருக்கு வரும்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "எதுக்குக் கண்ணு கேட்ட?" என்றார். மகள் காரணத்தைச் சொன்னாள். நாளைக்குள் ஏதாவது வயிற்றில் தங்காவிட்டால் அட்மிட் ஆக வேண்டும் என்பதையும் சொன்னாள். சம்பந்தியம்மா குடித்துக்கொண்டிருந்த மோரைப் பாதியில் வைத்துவிட்டு, "நான் வாரனுங்க" என்று கிளம்பிவிட்டார். எப்போதும் பொழுதுசாயும்வரை இருந்து ஊர்க்கதை, பழமை பேசிவிட்டுப் போகிறவர்.

கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். "குடுத்ததை ஆராச்சும் திருப்பிக் கேப்பாங்களா? இத்தன படிச்சும் அறிவில்லையா?" என்று மகளைக் கத்தினேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். அழுததில் குமட்டல் வந்து, குடித்த ரெண்டு மடக்குத் தண்ணீரும் வெளியே வந்தது. நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன். என் உள்ளங்கைக்குள் அந்தத் தலை சின்னதாகிவிட்டிருந்தது. நான் செய்த தப்புகளில் அந்தக் கத்தலை மறக்கவே முடியவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிக்கொண்டிருந்தோம். கேட்டில் கார் சத்தம். சம்பந்தியம்மா இறங்கினார். துண்டில் சுற்றிய எதையோ இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார், நான் கொடுத்தபோது வாங்கிக்கொண்ட அதே மாதிரி. கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"ஏனுங்ணா, உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிப்போட்டனுங்க."

துண்டைப் பிரித்தார். ஒன்றாம் நம்பர் பாட்டில். நான் நிரப்பியபடியே கழுத்துவரை நிறைந்திருந்தது.

"தொறக்கவே இல்லீங்ணா. எங்க ரெண்டு பேருத்துக்கும் பிரஷர். உப்பக் கண்டாலே டாக்டர் திட்டறாருங்க. பையனுக்கும் புளிப்பு ஆகாது. நீங்க குடுக்கறப்பவே சொல்லியிருக்கோணும். அந்த மூடியத் திருகித் திருகிக் காட்டுனீங்க பாருங்க, அந்த மொகத்தப் பாத்து எப்படிங்க வேண்டாம்ங்கறது? வேற ஆருக்காச்சும் குடுக்கவும் மனசு வல்லைங்க. அரிசி டிரம்முக்குப் பின்னால வெச்சுப்போட்டேன். நேத்து உங்க முன்னாடி பழக்க தோஷத்துல வாய் அப்படியே சொல்லிருச்சுங்க. போற வழியெல்லாம் அந்தப் புள்ளை மொகந்தான். இன்னியும் கௌரவம் பாத்தா நான் என்ன பொம்பளைங்க?"

அரிசி டிரம்முக்குப் பின்னாலா! என் மூடி! ஒரு நொடி காது சுட்டது. ஆனால் கை தானாகப் பாட்டிலை வாங்கி மூடியைத் திருகியது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கால் சுற்றுப் பிடிப்பு அப்படியே இருந்தது. மூடி விலகியதும் மணம் வந்தது. மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு பொட்டுப் பூஞ்சை கிடையாது. ஊர் பார்க்க ஆடலாம் போல இருந்தது எனக்கு.

அதற்குள் மனைவி, "உள்ள வாங்க, டிபன் சாப்படலாம்" என்று அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தாள். வைத்துவிட்டு, வழக்கம்போல எவர்சில்வர் தட்டுகளை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். சம்பந்தியம்மா தட்டைப் பார்த்தார். நான் அட்டாலியைப் பார்த்தேன். தினமும் அதில்தான் சாப்பிடுகிறோம் என்று சொன்ன வாய் இது. ஒரு பெண்பிள்ளை கோயமுத்தூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்து, கேட்டில் நின்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். எனக்கு மட்டும் என்ன கௌரவம் கிடக்கிறது? ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஒட்டிய டேப் பிரிக்காத அட்டைப்பெட்டியை இறக்கி அவர் முன்னால் வைத்தேன்.

"நானும் ஒண்ணு சொல்லிப்போட்டனுங்க, அம்மணி."

அவர் டேப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அந்தப் பெரிய மனுஷியிடம் நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மனைவியும் சேர்ந்துகொண்டாள். உள்ளேயிருந்து மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, என்ன விஷயம் என்று புரியாமல் நின்றாள்.

பெட்டியை அறுத்து, நீலப்பூத் தட்டுகளைக் கழுவி, ஒன்றில் குழையப் பிசைந்த தயிர்சாதம் போட்டாள் மனைவி. நாரத்தைச் சுருளிலிருந்து நான் ஒரு விரல்நீளம் கிள்ளி ஓரத்தில் வைத்தேன். மகள் அதை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். நாங்கள் மூன்று பேரும் அடுப்பில் பால் வைத்தவர்கள் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிஷம் போயிற்று. கால்மணி நேரம் போயிற்று. ஒன்றும் வெளியே வரவில்லை.

"அப்பா, இன்னொரு துணுக்குக் குடுங்க" என்றாள் மகள்.

மனைவி முந்தானையை எடுத்தாள். சம்பந்தியம்மா நீளமாக மூச்சு விட்டு, என்னைப் பார்த்து, "நல்லவேளைங்ணா, எங்களுக்கு ஆகாமப் போச்சு" என்றார்.

என் நாரத்தங்காய்க்கு எத்தனையோ பேர் பாராட்டுச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மனசு நிறைந்தது இதில்தான். அன்று ஆஸ்பத்திரிக்குப் போனோம்; அட்மிட் பண்ணவில்லை. அடுத்த வாரம் எடை சற்று ஏறியது, அதற்கடுத்த வாரம் இன்னும் சற்று. மாத்திரையாலா, நாள் ஆனதாலா, நாரத்தங்காயாலா என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நான் என் விருப்பப்படி வைத்துக்கொண்டேன்.

அன்று காலை சம்பந்தியம்மா கிளம்பும்போது, பழக்கத்தில் என் கை ஒரு பொட்டலம் மோர் மிளகாயை எடுத்துவிட்டது. எடுத்த பிறகு நின்றேன். மோர் மிளகாய் முழுக்க உப்பு. அதைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்கு என்னதானுங்க அம்மணி புடிக்கும்?" என்று கேட்டேன். அறுபத்து நாலு வயதில் ஒருவரிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க எது குடுத்தாலும்..." என்று ஆரம்பித்தவர், மேஜைமேல் இருந்த நீலப்பூத் தட்டைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "கறிவேப்பிலைப் பொடிங்ணா. உப்பே போடாம. காரமும் கொஞ்சமாத்தான்."

நாரத்தங்காயை மகளுக்கென்று ஒரு ஜாடிக்கு மாற்றினேன். ஒன்றாம் நம்பர் பாட்டிலைக் கழுவி இரண்டு நாள் வெயில் காட்டினேன். என் கறிவேப்பிலை மரத்துக் கொழுந்துகளை நிழலில் உலர்த்தி, கொள்ளும் மிளகும் வறுத்து, உப்பில்லாமல் பொடித்து நிரப்பினேன். உப்பில்லாத பொடியை நாக்கில் வைத்தால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இருந்தாலும் மூடியைக் கால் சுற்று இறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

போன மாதம் மகளின் கட்டுச்சோற்றுக்கு, அதாவது வளைகாப்புக்கு, நாள் குறிக்க சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தோம். மத்தியானம் சாப்பிட உட்காரச் சொன்னார்கள். பொடி எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேஜையின் நடுவில், நெய்க்கிண்ணத்துக்குப் பக்கத்தில், வெள்ளை மூடி போட்ட அந்தப் பாட்டில் இருந்தது. பாதி காலியாகியிருந்தது.